சேத்தியாத்தோப்புக் கரண்டுப் புராணம்

சிதம்பரத்தில் நடராஜர் ஆடினார். ஸ்ரீமுஷ்ணத்தில் பெருமாள் பன்றியாக வந்தார். விருத்தாசலத்தில் மலைக்கே வயதாகிவிட்டது. கடவுள்கள் எல்லாரும் அக்கம்பக்கத்து நிறுத்தங்களில் இறங்கிக்கொண்டதால், நடுவில் கிடக்கும் சேத்தியாத்தோப்புக்குப் புராணம் பாட ஆளில்லாமல் போய்விட்டது. கும்பகோணம் பேருந்தில் தூங்கி விழித்தவர்கள் “எந்த ஊருப்பா?” என்று கேட்பார்கள், நடத்துநர் நம் பெயரைச் சொல்வார், அவர்கள் மறுபடி தூங்கிவிடுவார்கள். இந்த ஊருக்கு மிச்சமிருப்பது கரண்டு ஒன்றுதான். ஆகவே கரண்டுக்கே ஒரு தலபுராணம் பாடிவிடுவோம்.

முதலில் நாட்டுச்சிறப்பு. வெள்ளாறு ஊரை ஒட்டி ஓடுகிறது, அதில் ஓர் அணைக்கட்டு. தெற்கே வீராணம் ஏரி. போருக்கு வந்த படை சும்மா உட்கார்ந்து சோறு தின்ன வேண்டாம் என்று சோழ இளவரசன் இராஜாதித்தன் வெட்டச் சொன்ன ஏரி என்பார்கள். ஆயிரம் ஆண்டு கழித்துக் கல்கி, வந்தியத்தேவனை ஓர் ஆடிப்பெருக்கு நாளில் அந்தக் கரையில் குதிரையில் விட்டார். வடக்கேயிருந்து வந்தவன் நம் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பான் என்பது என் ஊகம். டீ குடிக்க நிறுத்தியதாகக் கல்கி எழுதவில்லை. பிறகு சென்னைக்குத் தாகமெடுத்தது. 1960-களின் கடைசியில் தொடங்கிய பழைய வீராணம் திட்டத்தில் தண்ணீர் போகவில்லை. ராட்சதக் குழாய்கள் மட்டும் சாலையோரம் கிடந்தன, அவற்றுக்குள் குடும்பங்கள் குடியேறின. 2004-இல் புதிய வீராணம் வந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து தண்ணீரை இறைத்து, வடக்குத்தில் சுத்தப்படுத்திச் சென்னைக்கு அனுப்பினார்கள். நம்மிடம் இருப்பது எல்லாமே வேறு யாருக்கோ வேண்டியிருக்கிறது என்பதை ஊர் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

அடுத்தது வடலூர். வள்ளலார் 1867-இல் தருமச்சாலை தொடங்கி ஓர் அடுப்பு மூட்டினார். அது இன்னும் அணையவில்லை. மின்வாரியம் பிறப்பதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் ஒரு தடையில்லா எரிசக்தித் திட்டம் இருந்தது, கட்டணமும் இல்லை. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்தம் என்று வடலூரில் யாரும் அறிவித்ததில்லை. அதே வள்ளலார் கருங்குழியில் தண்ணீர் ஊற்றி விளக்கெரித்தார் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. கரியமில வாயு இல்லை, சாம்பல் இல்லை, நிலமெடுப்பும் இல்லை. அந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளாதது நம் துரதிர்ஷ்டம். அதற்குப் பதிலாகத் தண்ணீரில் ஊறிய கரியைத் தோண்டி விளக்கெரிக்கப் போனோம்.

அந்தக் கதை 1930-களின் நடுவில் தொடங்குகிறது. நம் ஊருக்கு வடக்கே நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் ஊற்றுக்கிணறு போட்டார். தண்ணீர் பீறிட்டது, கூடவே கறுப்பாக ஏதோ வந்தது. வேறொருவராக இருந்தால் கிணறு வெட்டியவனைத் திட்டிக் கூலியைப் பிடித்திருப்பார். முதலியார் அரசாங்கத்துக்குச் சொன்னார். பிற்பாடு 600 ஏக்கருக்கு மேல் தானமாகவும் கொடுத்தார். அந்தக் கிணற்றில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. தண்ணீர் மோட்டாரே இல்லாமல் தானாக மேலே வந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு விலை இருக்கிறது.

சென்னை மாகாணத்துக்கு அப்போது கரிப் பஞ்சம். பைக்காராவில் 1932-இலும் மேட்டூரில் 1937-இலும் அருவியையும் அணையையும் நம்பிக் கரண்டு எடுத்தார்கள். மழை பொய்த்தால் விளக்கும் பொய்த்தது. இன்று பசுமை மின்சாரம் என்று மாநாடு போட்டுப் பேசுகிறோமே, நம் மாகாணம் அப்போதே பெரிதும் நம்பியிருந்தது அதைத்தான். மழையை நம்பி ஆலை நடத்த முடியாதென்றுதான் கரியைத் தேடினார்கள். கரியோ வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலில் வரவேண்டும். இந்த நிலையில் நெய்வேலி மண்ணுக்கடியில் இருநூறு கோடி டன் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது என்றார்கள். காமராஜர் காலம். 1956 நவம்பர் 14, நேரு பிறந்தநாளன்று நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேருவே வந்து தோண்டலைத் தொடங்கிவைத்தார்.

அப்போது உலகமெங்கும் பனிப்போர். நெய்வேலி வெயிலில் மட்டும் அது உருகிவிட்டது. அமெரிக்க நிபுணர் வந்து பார்த்தார், பிரிட்டிஷ் நிறுவனம் திட்ட அறிக்கை எழுதியது, தோண்டுவதற்கு மேற்கு ஜெர்மனியின் ராட்சதச் சக்கரங்கள் வந்தன, எரிப்பதற்கு சோவியத் கொதிகலன்கள் வந்தன. கென்னடியும் குருஷ்சேவும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த 1962-இல் முதல் ஐம்பது மெகாவாட் ஓடத் தொடங்கியது. கூடவே உரத் தொழிற்சாலை, களிமண் கழுவும் ஆலை, ‘லெக்கோ’ என்ற புகையில்லாக் கரிக்கட்டி. ஆம், புகையில்லாக் கரி. அறுபது ஆண்டு கழித்து உலகம் தேடப்போகும் பொருளின் பெயர்ப்பலகை நெய்வேலியில் முன்கூட்டியே மாட்டப்பட்டுவிட்டது.

இனி அந்தத் தண்ணீர். நெய்வேலிக் கரிக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நிலத்தடி நீர் இருக்கிறது. இறைக்காமல் தோண்டினால் குழியின் அடித்தளத்தையே பிளந்துகொண்டு மேலே வரும். எனவே ஒரு டன் கரிக்குப் பத்து டன்னுக்கு மேல் தண்ணீரை இராப்பகலாக மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். இறைத்த நீரில் ஒரு பங்கு ஓடைகள் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது, அதில் நெல்லும் விளைகிறது. விவசாயி வாய்க்காலில் நின்று நிறுவனத்தைத் திட்டுவான், அந்த வாய்க்காலில் நிறுவனம் இறைத்த தண்ணீர் ஓடும். இரண்டிலும் நியாயம் உண்டு. ஏனென்றால் சுற்றுவட்டாரத்தில் தானாகப் பீறிட்ட கிணறுகள் நின்றுபோய், ஆழ்துளைக் கிணறு தேவைப்பட்டது. அதற்கு மோட்டார், மோட்டாருக்குக் கரண்டு. கரண்டு எங்கிருந்து? கரியிலிருந்து. கரி எடுக்க? தண்ணீரை இறைக்க வேண்டும். முன்பு கரண்டில்லாமல் வந்த தண்ணீர், இப்போது கரண்டு தயாரிப்பதற்காக இறங்கிப்போய், அந்தக் கரண்டாலேயே மேலே கொண்டுவரப்படுகிறது. இந்தச் சுழற்சியைப் பொருளாதார வளர்ச்சி என்று கணக்கில் எழுதுகிறார்கள்.

மோட்டார் வந்தால் கட்டணம் வரும், கட்டணம் வந்தால் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு வருவார். கோவைச் சீமையில் 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து அவர் நடத்திய போராட்டத்தில் மாட்டுவண்டிகள் நகரத்தை மறித்தன, துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிர்விட்டார்கள். அரசியல்வாதிகள் அதிலிருந்து பாடம் படித்துக்கொண்டார்கள். 1984-இல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கு இலவசம் என்றார். 1990-ஐ ஒட்டிக் கருணாநிதி எல்லா விவசாயிக்கும் இலவசம் என்றார். 2003-இல் ஜெயலலிதா அதில் கைவைத்துப் பார்த்தார். 2004 தேர்தலில் சூடு பட்டதும் கையை எடுத்தார். 2016-இல் வீடுகளுக்கும் நூறு யூனிட் இலவசமானது. மின்வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது. விவசாயிக்கு இலவசம் கூடாதென்று நான் சொல்லவில்லை. கீழே இறங்கிப்போன தண்ணீருக்கு நட்டஈடு என்று வைத்துக்கொண்டால், எங்கள் பக்கத்து விவசாயிக்கு அது குறைவுதான்.

இந்த இடத்தில் புராணத்தில் நட்சத்திரங்கள் தோன்ற வேண்டும். தோன்றின. கர்நாடகம் காவிரியைத் திறக்கவில்லை, நாம் நெய்வேலிக் கரண்டை நிறுத்துவோம் என்று 2002 அக்டோபரில் பாரதிராஜா தலைமையில் தமிழ்த் திரையுலகமே நெய்வேலிக்குப் படையெடுத்தது. ரஜினிகாந்த் வரவில்லை, மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்தார். நெய்வேலி மின்சாரம் தென்மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் பங்கு பிரிக்கப்படுவது உண்மை. ஆனால் அந்தப் பங்கு காகிதத்தில். கம்பியில் போகிற கரண்டுக்குத் தாய்மொழியும் தெரியாது, எல்லையும் தெரியாது. பக்கத்தில் எவன் சுவிட்ச் போட்டானோ அவன் வீட்டுக்குப் போய்விடும். பெங்களூரை இருட்டாக்கப் போனவர்கள் நாற்பது லட்சம் வாட்ஸ் முழக்கத்தோடு திரும்பி வந்தார்கள். அன்று நெய்வேலியைச் சுற்றியிருந்த ஊர்களுக்குக் கிடைத்த லாபம், ஒரே நாளில் இத்தனை நடிகர்களைப் பார்த்தது. 2020-இல் விஜய் நெய்வேலிச் சுரங்கத்தில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பில் இருந்தபோது வருமான வரித்துறை வந்து அழைத்துப் போனது, சில நாளில் அவர் திரும்பி வந்து வேன் மேல் ஏறி ரசிகர் கூட்டத்தோடு செல்ஃபி எடுத்தார். பிற்காலத்தில் கட்சி தொடங்கியபோது எல்லாரும் எடுத்துக்காட்டிய படம் அது. கரி தவிர நெய்வேலியிலிருந்து எடுக்கப்பட்டவற்றுள் அதிகம் விலை போனது அதுதான்.

அரசியல் கட்சிகளும் சும்மா இல்லை. 2006-இல் டெல்லி இந்த நிறுவனத்தின் பங்கில் பத்து சதவீதத்தை விற்கப் பார்த்தது. விற்றால் ஆட்சியிலிருந்து விலகுவோம் என்றது தி.மு.க. மன்மோகன் சிங் நாடு முழுக்கப் பங்கு விற்பனையையே நிறுத்திவைத்தார். 2013-இல் மறுபடி விற்கப் பார்த்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, வெளியாருக்குக் கொடுக்காதே, நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று ஜெயலலிதா தமிழக அரசு நிறுவனங்களை வைத்து வாங்கிப்போட்டார். அவ்வளவு பாசம்! பத்தே ஆண்டில் நெய்வேலி நிறுவனமே வெளியேறு என்ற சுவரொட்டியை எங்கள் சுவர்களில் பார்த்தோம்.

நடுவில் இருட்டுக் காண்டம். 2008-இல் தொடங்கி 2013 வரை. சென்னைக்கு ஒரு மணி, இரண்டு மணி நேர மின்வெட்டு. எங்களைப் போன்ற ஊர்களுக்கு 2012-இல் அது பத்து, பன்னிரண்டு மணி நேரமானது. தொடக்க ஆண்டுகளில் மின்துறை அமைச்சராக இருந்த ஆற்காடு வீராசாமியின் பெயர் கைக்குழந்தைக்கும் தெரிந்திருந்தது. 2011-இல் அந்த இருட்டிலேயே ஓர் ஆட்சி போனது. வந்த ஆட்சி முதல் வேலையாக வீட்டுக்கு ஒரு மிக்சி, ஒரு கிரைண்டர், ஒரு மின்விசிறி கொடுத்தது. மூன்றையும் வரிசையாக வைத்து மக்கள் அழகு பார்த்தார்கள். பெண்கள் அம்மியைத் தூக்கிப் போடவில்லை, புத்திசாலிகள். சேத்தியாத்தோப்பில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தால், வடக்கு வானத்தில் சுரங்க விளக்குகளின் வெளிச்சம் பளபளவென்று தெரியும். அந்த வெளிச்சத்தில் கொசுவை அடிக்கலாம். 2021-இல் ஆட்சி மாறியதும் ஆங்காங்கே கரண்டு போனது. அணில்கள் கம்பியில் ஓடுவதுதான் காரணம் என்றார் மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி. இராமர் முதுகில் தடவிக் கொடுத்த காலத்திலிருந்து அணிலுக்கு இவ்வளவு அரசியல் முக்கியத்துவம் கிடைத்ததில்லை.

இதற்கிடையில் நடந்த ஒன்றைக் கேலியில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறேன். 2020 மே 7-ஆம் தேதியும் ஜூலை 1-ஆம் தேதியும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்துத் தீப்பிடித்தன. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். சோவியத்காரர்கள் கட்டிக்கொடுத்த முதல் நிலையம் அதே ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது.

சரி, பருவநிலைக் காண்டத்துக்கு வருவோம். பழுப்பு நிலக்கரி கரிகளில் கடைக்குட்டி. பாதி எடை தண்ணீர், எரிந்தால் வெப்பம் குறைவு, யூனிட்டுக்குக் கக்கும் கரியமில வாயு அதிகம். குழி வாசலிலேயே எரித்துவிடலாம் என்பதால் மலிவு, அவ்வளவுதான். 2010-இல் டெல்லி கரிக்கு டன்னுக்கு ஐம்பது ரூபாய் மேல்வரி போட்டது. தூய எரிசக்தி நிதியாம். 2016-க்குள் அது நானூறு ரூபாயாயிற்று. வெப்பம் குறைந்த நம் பழுப்புக்கும் அதே நானூறு. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தப் பணம் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டத் திரும்பிவிட்டது. சூரியனுக்கென்று வசூலித்தது கஜானாவில் அஸ்தமித்தது. 2021-இல் கிளாஸ்கோவில் பிரதமர் மோடி 2070-க்குள் நிகர பூஜ்யம் என்று வாக்களித்தார். அன்று மேடையில் இருந்தவர்களில் யாரையும் 2070-இல் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. இப்படி வாக்குறுதி கொடுக்க நம் ஊர்க் கவுன்சிலர்களுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தம்.

பெரிய நாடுகள் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். நமக்குத் தோண்டக் கற்றுக்கொடுத்த ஜெர்மனி, 2023 ஜனவரியில் லுட்சராத் என்ற தன் கிராமத்தையே காலிசெய்து அடியில் இருந்த பழுப்புக் கரியை எடுக்கப் போனது. கிரேட்டா துன்பர்க்கைப் போலீஸ்காரர்கள் அலாக்காகத் தூக்கிப்போனார்கள். அதே சுரங்கத்துக்கு வழிவிடப் பக்கத்தில் நின்ற காற்றாலைகளையும் கழற்றினார்கள். ரஷ்யா எரிவாயுவை நிறுத்தியதும் பசுமைக் கட்சி இருந்த அரசே செய்த காரியம். குளிர் வந்தால் கொள்கை போர்வைக்குள் போய்விடும். நமக்கு வெயில்.

அந்த வெயில் 2023-இல் சேத்தியாத்தோப்பு மேல் கொஞ்சம் அதிகமாகவே அடித்தது. மார்ச் 29-ஆம் தேதி மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலத்துக்கு விட்ட 101 சுரங்கங்களின் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி ஆகியவற்றோடு ஒரு பெயர் இருந்தது: சேத்தியாத்தோப்பு கிழக்கு. எங்கள் ஊர்ப் பெயர் முதன்முறையாக நாடு முழுக்க அடிபட்டது, விற்பனைப் பட்டியலில். ஊருக்குக் கிழக்கே நஞ்சை; 2020-இல் எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் புவனகிரி, கீரப்பாளையம் முதலான ஒன்றியங்களும் சேர்ந்திருந்தன. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தானும் டெல்டாக்காரன்தான் என்று சட்டமன்றத்தில் உருகினார். எல்லாக் கட்சியும் ஒரே குரல். ஏப்ரல் 8-ஆம் தேதி மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி மூன்றையும் நீக்குவதாக அறிவித்தார். பா.ஜ.க.வின் அண்ணாமலை கேட்டுக்கொண்டதால் நீக்கினோம் என்றார்கள் ஒரு பக்கம், முதல்வர் எதிர்த்ததால் என்றார்கள் மறுபக்கம். கிழக்கே வெடி வெடித்தது.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 26-ஆம் தேதி அதே சேத்தியாத்தோப்புக்கு மேற்கே, வளையமாதேவியில், பச்சைப் பயிர் நின்ற வயலுக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய். நிலம் 2006-க்கும் 2013-க்கும் நடுவிலேயே எடுக்கப்பட்டது, பயிரிட வேண்டாமென்று முன்பே சொன்னோம், கால்வாய் இல்லாவிட்டால் கரி நின்று கரண்டும் நிற்கும் என்றது நிறுவனம். மாநில அரசும் அதையே சொன்னது. போலீஸ் பாதுகாப்பு மாநில அரசுடையது. அன்றைய வேளாண் அமைச்சர் எங்கள் மாவட்டத்துக்காரர். ஊரின் கிழக்கு எல்லையில் நெல் தமிழனின் உயிர்மூச்சு. பேருந்து நிலையத்தைத் தாண்டி மேற்கே போனால் அதே நெல் ஆக்கிரமிப்பு. ஏற்கெனவே நடக்கும் திட்டங்களை வேளாண் மண்டலச் சட்டம் தொடாது என்பதால் சட்டத்தில் ஓட்டையும் இல்லை. பயிருக்கு மட்டும் இந்த நுணுக்கம் புரியவில்லை, அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அன்புமணி தலைமையில் பா.ம.க. முற்றுகை. கல்வீச்சு, தடியடி, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு. உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, இயந்திரம் பயிரைப் புரட்டும் காட்சியைப் பார்த்து அழுகை வந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு என்று உத்தரவானது. கால்வாய் வெட்டப்பட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சூரியனும் காற்றும் இருக்கும்போது கரி எதற்கு என்று யாராவது கேட்டால், கேள்வி சரிதான். கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பண்ணை 2016-இலேயே வந்துவிட்டது. முப்பந்தலில் ஆடிக்காற்றில் காற்றாடிகள் பேயாட்டம் ஆடுகின்றன. நெய்வேலி நிறுவனமே தென்மாவட்டங்களில் சூரியத் தகடு விரித்து ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சிக்கல் சாயங்காலம் ஏழு மணிக்கு. சூரியன் ஷிப்ட் முடித்துப் போயிருப்பான், தையில் காற்றும் லீவு, தமிழ்நாடு முழுக்க டிவியையும் ஏசியையும் ஒரே நேரத்தில் போடும். 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகல் கரண்டைச் சேமித்து இரவில் கொடுக்கக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களிலிருந்து இருக்கிறது. அடுத்தது குந்தாவில், 500 மெகாவாட், வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. அதுபோல் பத்து கட்டியிருந்தால் வளையமாதேவியைப் பற்றி நான் எழுத வேண்டியிருந்திருக்காது. குழி தோண்டக் காட்டும் வேகத்தைக் கரண்டைச் சேர்த்துவைப்பதில் யாரும் காட்டவில்லை என்பதுதான் என் வழக்கு. குழிக்கு எங்கள் நிலம் மலிவாகக் கிடைத்தது, குந்தாவுக்குச் சொந்தக் காசு போட வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் ஒரு பெரியவரிடம், “ஏன் மாமா, கூரைமேல சோலார் போட்டுக்கலாமே, மத்திய அரசு மானியம் தருதே?” என்றேன்.

“நூறு யூனிட் சும்மா வருது தம்பி. அதுக்கு மேல போனாத்தானே சோலாரு? அதுவும் ராத்திரி ஃபேன் ஓட்டுமா?”

“ராத்திரிக்குக் கரிதான் மாமா.”

“பின்ன என்ன, கரி இருக்கட்டும்.”

“அப்ப தோண்டுறதும் இருக்கணுமே.”

“தோண்டட்டும், யாரு வேணாங்கிறா? இங்க தோண்டாதேன்னுதான் சொல்றோம். ஜெயங்கொண்டத்துல கெடக்குதாமே கரி, அங்க போறது.”

“ஜெயங்கொண்டத்துல தொண்ணூறுகள்லயே நிலத்தை எடுத்துட்டாங்க மாமா. இருபத்தஞ்சு வருஷம் வச்சிருந்தும் ஒரு கூடை மண்ணு எடுக்கல. வேணாம்னு அரசாங்கமே விவசாயிங்ககிட்டத் திருப்பிக் குடுக்குது.”

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். “திருப்பிக் குடுத்தாங்களா? எப்படிக் கேட்டாங்களாம்? மனு நகல் கெடைக்குமா தம்பி?”